பாதியில் நின்ற ஜெபம்

கொக்கிலமேடு,
6 ஜனவரி 2025

செங்கல்பட்டு சமாதான ஜெப வீட்டாருக்கு,

மாமல்லபுரத்துக்குத் தெற்கே கொக்கிலமேட்டிலிருந்து சிங்காரம் சம்சாரம் கன்னியம்மா எழுதிக்கொள்வது. வயது ஐம்பத்தொன்று. படிப்பு அஞ்சாங் கிளாஸ், அதிலும் பாதி நாள் கருவாடு காயப்போடப் போய்விட்டேன். அதனால் எழுத்து நண்டு நடந்த மாதிரி இருக்கும், பொறுத்துக்கொள்ளவும். தொழில் ரோட்டோரம் மீன் விற்பது.

என்னிடம் வாரா வாரம் சங்கரா மீன் வாங்கும் விஜயகுமாரி டீச்சர் உங்கள் ஜெப வீட்டைப் பற்றிச் சொன்னார்கள். யார் கடிதம் போட்டாலும், எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்களானாலும், ஏழு நாளுக்குள் கையால் எழுதின பதில் வந்துவிடுமாம். பெண்கள் போடுகிற கடிதங்களுக்கு ஜெ. சகுந்தலா என்கிற அம்மா பதில் எழுதுகிறார்களாம். நல்ல ஏற்பாடு. என் போன் நம்பரை ஒருத்தி ரெண்டு வருஷமாக பிளாக் பண்ணி வைத்திருக்கிறாள். வாசலுக்குப் போனாலும் கதவு திறப்பதில்லை. தபாலை மட்டும் அவளால் பிளாக் பண்ண முடியாது பாருங்கள், பாஸ்டர் ஐயா திட்டுவார்.

என் விண்ணப்பம் ஒன்று: வலது முட்டியில் வலி. உட்கார்ந்தால் எழ முடியவில்லை. அதற்கு ஜெபிக்கவும்.

விண்ணப்பம் ரெண்டு: எனக்கு ஒரே ஒரு தங்கச்சி. அவளுக்கும் ஒரு வலி. அது என் வாயால் வந்தது. அவள் என்னோடு ஒரு வார்த்தை பேச வேண்டும். அதற்கும் ஜெபிக்கவும்.

ஸ்டாம்பு ஒட்டின கவர் உள்ளே வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
கன்னியம்மா


செங்கல்பட்டு,
11 ஜனவரி 2025

கிறிஸ்துவுக்குள் அன்பான சகோதரி கன்னியம்மா அவர்களுக்கு,

ஸ்தோத்திரம். தங்கள் கடிதம் கிடைத்தது. தங்களுடைய முட்டி வலிக்காக வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் பெயர் சொல்லி ஜெபிக்கப்பட்டது. கர்த்தர் சுகம் தருவார். எலும்பு டாக்டரிடமும் காட்டவும்.

இரண்டாவது விண்ணப்பத்துக்கு எழுத என்னிடம் ஒன்றும் இல்லை.

ஜெப வீட்டுக்காக,
ஜெ. சகுந்தலா

பி.கு.: எனக்குத் தெரிந்து தங்களுக்கு வலி இடது முட்டியில். ஜெப விண்ணப்பத்தில் பொய் எழுதக் கூடாது.


கொக்கிலமேடு,
17 ஜனவரி 2025

அடியே சகுந்தலா,

பிடித்தேன் பார்! வலது என்று எழுதினால் உன்னால் சும்மா இருக்க முடியாதென்று எனக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்தே தப்பைக் கண்டால் உனக்குக் கை அரிக்கும். உன் மாமா சிங்காரத்திடம் கடிதத்தைக் காட்டினேன். "ரெண்டு வர்சம் கயிச்சி வாயத் தொறந்துச்சே, அத்த வுட்டு இன்னா ஸ்டைலா தாங்கள் கீங்கள்னு எய்திக்கீது உன் தங்கச்சி" என்றார். நான் நாலு முறை படித்தேன். தபால்காரருக்கு ரெண்டு வாளை மீன் கொடுத்தேன்.

நேற்று காணும் பொங்கல். கடற்கரையில் நிற்க இடமில்லை. மத்தியானத்துக்குள் கூடை காலியாகிவிட்டதால் உட்கார்ந்து உன் கடிதத்தையே யோசித்துக்கொண்டிருந்தேன். எனக்குச் சில சந்தேகங்கள். கிண்டல் இல்லை. சரி, பாதி கிண்டல். மீதி நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.

பெயர் சொல்லி ஜெபித்தோம் என்றாயே, ஊர் பெயரும் சொல்வீர்களா? கன்னியம்மா என்று இந்தக் கரையில் மட்டும் இருபது பேர் இருக்கிறோம். என் முட்டிக்கு வர வேண்டியது தேவனேரி கன்னியம்மா முட்டிக்குப் போய்விட்டால்?

உபவாச ஜெபம் காலையிலிருந்து மத்தியானம் வரைக்கும் என்று டீச்சர் சொன்னார்கள். அவ்வளவு நேரம் அவரிடம் என்ன சொல்வீர்கள்? நான் கங்கையம்மனிடம் நின்றால் ரெண்டு நிமிஷம். "தாயே, படகு பத்திரமா வரட்டும், ஆடி மாசம் கூழு ஊத்தறேன்." முடிந்தது. அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். உங்கள் சாமி ஒன்றுமே வாங்கிக்கொள்ள மாட்டாராமே? மொட்டை வேண்டாம், கூழ் வேண்டாம், ஆடு கோழி வேண்டாம். ஒன்றுமே வேண்டாதவரிடம் எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பது? எனக்குக் கூச்சமாக இருக்கும்.

அப்புறம், கண்ணை ஏன் மூடுகிறீர்கள்?

இதற்கெல்லாம் பதில் எழுது. ஏழு நாள் கணக்கு நினைவிருக்கட்டும்.

உன் அக்கா,
கன்னியம்மா

இதைக் கடைசியில் எழுதுகிறேன். கழுத்தில் எலுமிச்சம்பழம் அளவு கட்டி இருக்கிறது. செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்தார்கள். கெட்ட கட்டி இல்லையாம், ஆனால் எடுத்தே ஆக வேண்டுமாம். குரல் நரம்பு அதன்மேல் ஒட்டிக்கொண்டு ஓடுகிறதாம். குரல் கொஞ்ச நாள் கம்மலாகலாம், ஒருவேளை போயே போகலாம் என்று சின்ன டாக்டரம்மா சொல்லிக் கையெழுத்து வாங்கினாள். குரல் இருக்கிறபோதே உன்னோடு ஒரு தடவை பேசிவிட ஆசை. அதனால்தான் இந்தக் கடிதம் எல்லாம். முட்டி சும்மா.


செங்கல்பட்டு,
22 ஜனவரி 2025

அக்கா,

கழுத்துக் கட்டியைக் கடிதத்தின் வாலில் எழுதுவாயா? கூழுக்கும் கண்ணை மூடுவதற்கும் ஒரு பக்கம், இதற்கு நாலு வரி! எத்தனை நாளாக இருக்கிறது? விழுங்கும்போது வலிக்கிறதா? ரிப்போர்ட்டை ஜெராக்ஸ் எடுத்து அனுப்பு.

உன் சந்தேகங்களுக்குப் பதில் எழுதுவது என் வேலை, அதனால் எழுதுகிறேன். ஊர் பெயர் சொல்ல வேண்டியதில்லை. யார் யார் என்று அவருக்குத் தெரியும். நாம் கேட்பதற்கு முன்பே நமக்கு என்ன வேண்டுமென்றும் தெரியும். பின் எதற்குக் கேட்பது என்று அடுத்த கடிதத்தில் கேட்பாய். பிள்ளைக்குப் பசி என்று தாய்க்குத் தெரிந்தாலும், பிள்ளை வாய் திறந்து "அம்மா" என்று கூப்பிட்டால் அவளுக்கு ஒரு சந்தோஷம். அப்படித்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்.

கண்ணை மூடுவது, பக்கத்தில் யார் என்ன புடவை கட்டியிருக்கிறார்கள் என்று பார்க்காமல் இருக்க. உனக்குக் கட்டாயம் தேவைப்படும்.

கைம்மாறு வாங்காதவரிடம் எப்படிக் கேட்பது என்கிறாய். நானும் முதலில் அப்படித்தான் கூச்சப்பட்டேன். வாங்கிக்கொள்வதற்குப் பழக வேண்டும் அக்கா. கொடுப்பதைவிட அது கஷ்டம்.

ஆனால் நேரில் பேசுவதைப் பற்றி என்னைக் கேட்காதே. அன்று வார்டில் நீ என்ன செய்தாய் என்பது உனக்கு இன்னும் தெரியவில்லை. ஏதோ ஒரு வேடிக்கை பேசினோம், இவள் கோபித்துக்கொண்டாள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய்.

சகுந்தலா


கொக்கிலமேடு,
28 ஜனவரி 2025

சகுந்தலா,

நீ சொன்னது சரி. எனக்குத் தெரியவில்லை. தெரிந்ததை எழுதுகிறேன், தப்பிருந்தால் திருத்து. அதுதான் உனக்குப் பிடித்த வேலை ஆயிற்றே.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால், ஐப்பசி மாசம். உன் வீட்டுக்காரர் ஜெகதீசன் கிட்னி போய் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். சிறுசேரி கம்பெனிக்கு வேன் ஓட்டின மனுஷன், கட்டிலில் கால் கொள்ளாத உயரம், மூக்கில் டியூப். நான் நெத்திலிக் குழம்பு எடுத்துக்கொண்டு வந்தேன், அவர் சாப்பிடக் கூடாதென்று எனக்குத் தெரியாது. உள்ளே வந்தால் கட்டிலைச் சுற்றி எட்டுப் பேர், எட்டுப் பேரும் கையைத் தூக்கிக்கொண்டு ஒரே நேரத்தில் சத்தம். நீதான் எல்லாரிலும் பெரிய குரல். எனக்குப் பயம் வந்துவிட்டது. பயம் வந்தால் எனக்குச் சிரிப்புப் பேச்சுதான் வரும், அது பிறவி வியாதி.

"இன்னாடி சகுந்தலா, உங்க சாமி இன்னா டெல்லிலயா கீறாரு? இம்மாம் சத்தம் போட்டுகினு கீறீங்க! பக்கத்துல நின்னுகினு மெல்லமா சொன்னா காதுல வியாதா?" என்றேன்.

வார்டே சிரித்தது. பக்கத்துக் கட்டில் கிழவர் இருமி இருமிச் சிரித்தார். உன் வீட்டுக்காரரும் சிரித்தார், நான் பார்த்தேன். "உங்கக்காவ யாரு உள்ள வுட்டது" என்றார். நாலாம் நாள் போய்விட்டார். கல்லறையில் மண் போட்டு முடித்ததும் நீ என்னிடம், "என் வூட்டு வாசப்படி மெதிக்காத" என்றாய். இவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

உன் சாமியை நான் கேலி பண்ணினேன். அது தப்பு. மன்னிப்புக் கேட்க ரெண்டு தடவை வந்தேன், ஜன்னல் திரை அசைந்தது, கதவு திறக்கவில்லை. ஆனால் ஒரு கேலிக்கு ரெண்டு வருஷம் நீ கோபப்பட மாட்டாய். உன்னை எனக்குத் தெரியும். உன் கோபம் பால் கொதிக்கிற மாதிரி, பொங்கும், அடங்கும். இது வேறு என்னவோ. என்னவென்று சொல்.

ஆபரேஷன் பிப்ரவரி 20, வியாழன். ரிப்போர்ட் ஜெராக்ஸ் இதோடு இருக்கிறது. மீன் சுற்றின காகிதத்தோடு வைத்துவிட்டேன், நாற்றம் அடித்தால் மன்னிக்கவும்.

கன்னியம்மா


செங்கல்பட்டு,
4 பிப்ரவரி 2025

அக்கா,

இதை மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். ஏழாம் நாள் ஆகிவிட்டது, இன்று போட்டே ஆக வேண்டும்.

நீ சொன்னதில் ஒன்று விட்டுப்போயிற்று. நீ பேசினதும் எல்லாரும் சிரித்தார்கள். அதோடு ஜெபம் நின்றுவிட்டது. பாஸ்டரம்மா "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று பையை எடுத்துக்கொண்டார்கள். நர்ஸ் வந்து எல்லாரையும் வெளியே அனுப்பினாள். நான் "அப்பா, இவரை எனக்குத் திருப்பி…" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். "தாரும்" என்று சொல்லவில்லை. ஆமென் சொல்லவில்லை. அப்படியே நின்றுபோயிற்று.

அன்றைக்கு மட்டும் அந்த ஜெபம் முடிந்திருந்தால் என்ற நினைப்பு என்னை விடவே இல்லை. யாரிடமும் சொன்னதில்லை. பாஸ்டர் ஐயாவிடம் சொன்னால் "அப்படியெல்லாம் இல்லம்மா" என்பார். அது எனக்கே தெரியும். பைபிள் வகுப்பில் மற்றவர்களுக்கு நானே அதைத்தான் சொல்கிறேன். தெரிவது வேறு, மார்பில் உட்கார்ந்திருப்பது வேறு.

இன்னொன்றும் இருக்கிறது. என் வீட்டுக்காரர் சிரித்தார் என்றாயே. அதற்கப்புறம் அவர் சிரிக்கவே இல்லை. கடைசியாகச் சிரித்தது உன் பேச்சுக்கு. என் ஜெபத்தில் அவர் முகம் சுருங்கிக் கிடந்தது, உன் கேலியில் மலர்ந்தது. அதையும் என்னால் தாங்க முடியவில்லை. உன்மேல் கோபமா, பொறாமையா, எனக்கே தெரியாது.

அந்த நாளிலிருந்து நான் ஜெபிப்பதில்லை அக்கா. முழங்கால் போடுகிறேன், முக்காடு போடுகிறேன், உதட்டை அசைக்கிறேன். வாய்க்குள் ஒன்றும் இல்லை. உன் முட்டிக்காகப் பெயர் சொன்னது பாஸ்டரம்மா, நான் இல்லை. ஊருக்கெல்லாம் "ஜெபிக்கிறோம்" என்று கையால் எழுதி அனுப்புகிறேன். வலது முட்டி என்று எழுதின உன்னைப் பொய்க்காரி என்றேன்.

உன் ஆபரேஷனுக்கு ஜெபிக்கச் சொல்லாதே. என்னால் முடியாது. வேறு யாரையாவது வைத்து ஜெபிக்கச் சொல்கிறேன்.

சகுந்தலா


கொக்கிலமேடு,
9 பிப்ரவரி 2025

என் கண்ணு சகுந்தலா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கூடையை எடுக்கவே இல்லை. சிங்காரம் "இன்னா, மீனு நாறிகினு கீது, நீ கல்லு மாரி குந்திகினு கீற" என்றார். படித்துக் காட்டினேன். துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டு வலை பார்க்கப் போய்விட்டார்.

எனக்கு வேதம் தெரியாது. மீன் தெரியும். விஜயகுமாரி டீச்சர் வண்டியை நிறுத்தி, "கன்னியம்மா, இன்னிக்கி…" என்று ஆரம்பிப்பார்கள். அதற்குள் நான் சங்கராவைத் தராசில் போட்டிருப்பேன். அவர்கள் வாக்கியத்தை முடித்து நான் ஒருநாளும் கேட்டதில்லை. அஞ்சாங் கிளாஸ்காரி எனக்கே பாதி வார்த்தை போதும். கேட்பதற்கு முன்பே தெரியும் என்று நீயே எழுதினாய். அப்படிப்பட்டவர், "சகுந்தலா 'தாரும்' என்று முடிக்கவில்லை, அதனால் விண்ணப்பம் தள்ளுபடி" என்று சொல்வாரா? தாலுகா ஆபீஸில்தான் அப்படிச் சொல்வார்கள்.

அப்போது ஏன் கொடுக்கவில்லை என்பாய். டீச்சர் கேட்டும் சங்கரா கிடைக்காத நாள் உண்டு. எனக்குக் காது கேட்காமல் இல்லை, அன்றைக்குக் கடல் தரவில்லை. ஆனால் கடலே அவருடையது என்கிறீர்கள், அவர் அந்தச் சாக்குச் சொல்ல முடியாது. அதை நீ அவரைத்தான் கேட்க வேண்டும். சட்டையைப் பிடித்து உலுக்கிக் கேள். உங்கள் ஏசுவே பிடிபடுவதற்கு முன்னால் தோட்டத்தில் விழுந்து, இந்தச் சாவு வேண்டாமென்று அழுது கேட்டாராமே, அவருக்கே கிடைக்கவில்லையாமே? டீச்சர் சொன்னபோது எனக்கு ஆச்சரியமாகப் போயிற்று. கிடைக்கவில்லை என்று அவர் பேச்சை நிறுத்தவில்லையாம், சாகிறபோதும் "ஏன் கைவிட்டீர்" என்று கேட்டாராம். நீ அதுகூடக் கேட்கவில்லை. என்னோடு போட்ட சண்டையில் அவரையும் பிளாக் பண்ணி வைத்துவிட்டாய். என் தபால் வந்துவிட்டது. அவர் பாவம், எந்தக் கவரில் ஸ்டாம்பு ஒட்டுவார்?

இன்னொன்று சொன்னால் சிரிப்பாய். சிரி, பரவாயில்லை. முந்தாநாள் காற்று கொஞ்சம் அதிகம். படகு வரத் தாமதம். வழக்கம்போல் அம்மனைக் கூப்பிட்டேன். அவளோடு பேசி முடித்ததும், சரி, சகுந்தலாவின் சாமியையும் பார்ப்போமே என்று மணலில் உட்கார்ந்து கண்ணை மூடினேன். என்ன சொல்வதென்று தெரியவில்லை. கொடுக்கவும் ஒன்றும் இல்லை. வெறுங்கையோடு சம்பந்தி வீட்டுக்குப் போன மாதிரி இருந்தது. "நான் சகுந்தலா அக்கா" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அப்புறம் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். யாரும் பேசவில்லை. ஆனால் எழுந்து போகவும் தோன்றவில்லை. அது ஜெபமா? பதில் எழுது.

வியாழக்கிழமை நீ ஜெபிக்க வேண்டாம். யாரையும் வைத்து ஜெபிக்கவும் வேண்டாம். நீ வந்தால் போதும். எட்டு மணிக்கு உள்ளே கொண்டுபோவார்கள். எனக்கு பயமாக இருக்கிறது. இதை வேடிக்கையாகச் சொல்ல ஒரு வழியும் தெரியவில்லை.

உன் அக்கா


கொக்கிலமேடு,
27 பிப்ரவரி 2025

சகுந்தலா,

வீட்டுக்கு வந்து மூன்று நாள் ஆயிற்று. நேற்று போன் அடித்தது, பார்த்தால் உன் பெயர்! ரெண்டு வருஷத்துக்குப் பிறகு பிளாக்கை எடுத்திருக்கிறாய், எடுத்த நேரம் பார்த்து எனக்கு வாய் திறக்கக் கூடாதென்று டாக்டர் உத்தரவு. இன்னும் பதினைந்து நாள். சிங்காரம் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார், "வூட்டுல இப்பதான் மச்சான் ரேடியோ கேக்குது" என்று. அதனால் மறுபடியும் தபால்.

குரலைச் சோதிக்க டாக்டரம்மா ஒரு தடவை "ஆ" சொல்லச் சொன்னாள். காற்றுதான் வந்தது. கொஞ்சம் பொறுங்கள், ஆறு மாசம்கூட ஆகலாம், திரும்பி வந்தாலும் பழைய குரலாக இருக்குமென்று சொல்ல முடியாது என்றாள். பார்ப்போம். கூவாவிட்டால் என்ன, மீன் வாசனை போதும் ஆள் வர.

அன்று காலை ஏழரைக்கே நீ வந்து நின்றாய். பேசத்தான் ஆசைப்பட்டேன், உன்னைப் பார்த்ததும் குரல் இருந்தும் எனக்குப் பேச்சு வரவில்லை. நீ என் தலையை வாரிப் பின்னிவிட்டாய். எண்ணெய் வைக்கக் கூடாதென்று நர்ஸ் சொன்னதால் முடிச்சு முடிச்சாக இழுத்தாய், வலித்தது, சொல்லவில்லை.

இப்போது என் சந்தேகம். என்னை உள்ளே கொண்டுபோன பிறகு மூன்று மணி நேரம் நீ வெளியே பெஞ்சில் சிங்காரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாயாம். அவர் சொல்கிறார்: "கண்ண மூடிகினு வாயிக்குள்ள என்னமோ சொல்லிகினே இருந்துச்சு. நடுவுல ரெண்டு வாட்டி சிரிச்சுது. ஒரு வாட்டி அய்துச்சு. டீ வாங்கியாந்து வச்சேன், ஆடையே கட்டிப்போச்சு."

ஜெபிக்க முடியாது என்றாயே. மூன்று மணி நேரம் என்ன சொன்னாய்? என் குரலைக் கேட்டாயா? கேட்டிருந்தால் எவ்வளவு கேட்டாய், முழுசா, பாதியா? ஜெபத்தில் எதற்கடி சிரிப்பு வந்தது? தெரியாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

கன்னியம்மா


செங்கல்பட்டு,
4 மார்ச் 2025

அக்கா,

உன் குரலைக் கேட்கவில்லை. கேட்க நினைத்துத்தான் கண்ணை மூடினேன். "இவளுக்குக் குரலைத்…" என்று ஆரம்பித்ததும் பழையபடி பாதியிலேயே நின்றுவிட்டது. சரி, கேட்க வராவிட்டால் போகட்டும், உள்ளே படுத்திருப்பது யாரென்றாவது சொல்லிவைப்போம் என்று தோன்றியது. நீ மணலில் உட்கார்ந்து சொன்னாயே, அந்த மாதிரி. அது ஜெபமா என்று கேட்டிருந்தாய், நான் பதில் எழுதவில்லை. அதைத்தான் நானும் செய்து பார்த்தேன்.

எனக்கு அம்மை போட்டபோது வேப்பிலையால் விசிறிக்கொண்டே என் பங்கு மாங்காயையும் நீ தின்றதிலிருந்து ஆரம்பித்தேன். பள்ளிக்கூடத்தில் என் சிலேட்டை உடைத்தவளை நீ கடித்தது. நம் அப்பா அடிக்க வந்தபோது படகுக்கு அடியில் ஒளிந்துகொண்டு, உள்ளிருந்து நீயே "கன்னியம்மா இங்க இல்ல" என்று சொன்னது. அங்கேதான் சிரித்திருப்பேன். முதல் முதலாக நான் சர்ச்சுக்குப் போனபோது வீட்டில் எல்லாரும் சண்டை போட, நீ மட்டும் "போறதுன்னா நல்ல பொடவ கட்டிகினு போ" என்று உன் நீலப் புடவையைக் கொடுத்தாயே, அதைச் சொன்னபோது அழுதேன். அதை நான் மறந்தே போயிருந்தேன் அக்கா. இந்த ரெண்டு வருஷமும் அந்தப் புடவை என் பீரோவிலேயே இருந்திருக்கிறது.

சொல்லச் சொல்ல, எதிரே ஒருவர் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிற மாதிரியே இருந்தது. அவசரப்படுத்தாமல். ஏன் என் வீட்டுக்காரரைக் கொண்டுபோனீர் என்று நடுவில் ஒரு தடவை அதட்டியும் பார்த்தேன். பதில் வரவில்லை. ஆனால் எழுந்து போகவும் இல்லை.

உன் குரல் வருமா என்று எனக்குத் தெரியாது. வரும் என்று ஜெப வீட்டுக் கடிதங்களில் எழுதுகிற மாதிரி உனக்கு எழுத மாட்டேன்.

நர்ஸ் வந்து "கன்னியம்மா கூட வந்தவங்க" என்று கூப்பிட்டபோது உன் கல்யாணம் வரைக்கும்தான் வந்திருந்தேன். அதற்குப் பிறகு முப்பது வருஷம் இருக்கிறது. தினம் காலையில் அடுப்பு பற்றவைக்கும் முன் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லிக்கொண்டு வருகிறேன். நேற்று உன் மூத்தவள் பிறந்ததற்கு வந்தேன். அங்கே எனக்குக் குழப்பம். அன்று மழையா, வெயிலா, ஆஸ்பத்திரிக்கு உன்னை யார் வண்டியில் ஏற்றினார்கள், ஒன்றும் சரியாக நினைவில்லை. தப்பாகச் சொல்ல மனசு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பஸ் பிடித்து வருகிறேன். நோட்டும் பேனாவும் எடுத்து வை. நீ எழுதிக் காட்டு, நான் படித்துக்கொள்கிறேன்.

சகுந்தலா